சுவருக்குள் இருக்கும் பழைய கம்பி

பிரிட்டனில் செம்புக் கம்பித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்தத் திட்டம். இனிக் குரல் ரவுட்டர் வழியாகத்தான். ஆனால் மாடியறைக்கும் சமையலறைக்கும் சுவரோரமாக ஓடும் எக்ஸ்டென்ஷன் கம்பிகளை வீணாக்க வேண்டியதில்லை. அவற்றை ரவுட்டரோடு இணைக்கும் வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

முதலில், வெளிக்கம்பி வீட்டுக்குள் வந்து சேரும் மாஸ்டர் சாக்கெட்டில் தெருக்கம்பிக்கும் வீட்டுக் கம்பிக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இதில் அலட்சியமே கூடாது. வெளியிலிருந்து வரும் சுமார் 50 வோல்ட் ரவுட்டரைக் கெடுத்துவிடலாம். பிறகு ரவுட்டரின் போன் துளையிலிருந்து பக்கத்து எக்ஸ்டென்ஷன் சாக்கெட்டுக்கு ஓர் ஒயர். அவ்வளவே! எல்லாம் பக்க இணைப்பு என்பதால் மற்ற சாக்கெட்டுகளும் கூடவே விழித்துக்கொள்ளும்.

சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். வெள்ளை வளையமிட்ட நீலக் கம்பியும் நீல வளையமிட்ட வெள்ளைக் கம்பியும் 2, 5 என்ற முனைகளில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். பேச்சுக்கு இந்த இரண்டே போதும். 3-ஆம் முனை பழைய போன்களின் மணிக்கானது. அதற்கு உயிர் கொடுப்பது மாஸ்டர் சாக்கெட்டுக்குள் இருக்கும் 1.8 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. 1981-இல் வந்த இந்த ஏற்பாடு இன்றைய ரவுட்டரோடும் ஒத்துப்போவதை எத்தனை பாராட்டினாலும் தகும்.

மின்சாரம் போனால் மட்டும் போனும் ஓய்ந்துவிடும். ரவுட்டருக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது.