வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள்

கணித மேதை ராமானுஜனைப் பற்றி எத்தனையோ பேர் நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அவருடைய மனைவி ஜானகி அம்மாள் சொன்ன நாலைந்து வரிகளில்தான். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1967-இல் வெளியிட்ட ராமானுஜன் வாழ்க்கை நூலில் அவை இருக்கின்றன. ஜானகி சொன்னதன் சாரம் இது: கடைசி நாட்களில் கணவருக்கு வேளை தவறாமல் சாதமும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தார், வலிக்கிறது என்றபோது காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், அதெல்லாம் செய்யக் கிடைத்தது பாக்கியம், அப்போது வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்கள் இன்னும் தன்னிடமே இருக்கின்றன.

ராமானுஜன் இறந்தது 1920 ஏப்ரல் 26. இந்த வரிகள் புத்தகமானபோது நாற்பத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அத்தனை காலம் ஒரு விதவை, ஊர்விட்டு ஊர் போய், வீடு மாறி, அந்த இரண்டு பாத்திரங்களையும் பழைய சாமான்காரனுக்குப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

இந்த வரிகளில் மேதை இல்லை, எண்கள் இல்லை, 'நான் அழுதேன்' என்பதும் இல்லை. சாதம், எலுமிச்சை, மோர் என்று ஒரு நோயாளியின் பத்தியம் வரிசையாக வருகிறது. 'பாத்திரம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இரண்டு என்று எண்ணிச் சொல்கிறார். ஒத்தடம் கொடுத்துப் பழகியவர்களுக்கு அந்த இரண்டின் அருமை தெரியும். ஒன்றில் இருக்கும் நீரில் துண்டை நனைத்து, பிழிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, வலிக்கிற இடத்தில் ஒற்றுவதற்குள் நீர் ஆறிப்போகும். அடுப்பில் இன்னொன்று காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரவெல்லாம் அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு மறக்காமல் இருக்கும். ராமானுஜன் வீட்டுக் கணக்கு என்று இதையும்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று ஆண்டுகள்கூடத் தேறாது. 1909 ஜூலையில் கல்யாணம். ஜானகிக்குப் பத்து வயது. ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலையில் அமர்ந்த 1912-இல்தான் மாமியார் கோமளத்தம்மாளோடு வந்து அவருடன் குடித்தனம் வைத்தார். 1914 மார்ச்சில் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அந்தக் குறுகிய சென்னை வாசத்திலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவையும் சின்னச் சின்னக் காட்சிகள்தான். இடைவிடாத பலப்பச் சத்தம். எழுதியதைத் துணிகொண்டு துடைக்கப் பொறுமையில்லாமல் முழங்கையாலேயே துடைத்துத் துடைத்துக் கறுத்துக் காய்ப்பேறிப்போன தோல். சாப்பாட்டுக்கு எழுந்தால் யோசனை அறுந்துவிடும் என்று அம்மாவோ பாட்டியோ குழம்பு சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று பிசைந்து பிசைந்து அவர் உள்ளங்கையில் வைப்பார்களாம். பார்வை சிலேட்டில் இருக்க, கை மட்டும் வாய்க்குப் போகும். கோமளத்தம்மாளைப் பொல்லாத மாமியாராக மட்டும் வரைகிறவர்கள் இந்த உருண்டைகளை மறந்துவிடக் கூடாது.

பொல்லாத்தனமும் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கடிதங்களும் இங்கிருந்து போன கடிதங்களும் மாமியாரைத் தாண்ட வேண்டியிருந்தது; பல தாண்டவில்லை. அங்கே கணவர், வீட்டிலிருந்து ஏன் கடிதம் வருவதில்லை என்று தவித்தார். இங்கே மனைவிக்கும் அதே தவிப்பு. ஜானகி கடைசியில் அண்ணன் கல்யாணத்தைச் சாக்காக வைத்துப் பிறந்தகம் போனவர், கணவர் நாடு திரும்பும்வரை மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை.

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் பட்ட பாட்டைச் சொல்ல அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த பி.சி. மஹலனோபிஸின் நினைவு ஒன்று எனக்குப் போதும். அதுவும் ரங்கநாதன் நூலில் உள்ளதுதான். குளிரில் இரவெல்லாம் ஓவர்கோட்டும் சால்வையுமாகப் படுப்பதாக ராமானுஜன் சொல்ல, படுக்கையறையைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் கட்டிலில் விரித்தபடி, நாற்புறமும் செருகியபடியே இருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. மஹலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்தார். சிரிப்பு வரும் கதைதான். கூடவே இன்னொன்றும் உறைக்கிறது. ராயல் சொசைட்டி தேடிவரப்போகிற ஒரு மனிதருக்குப் படுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுக்க அதுவரை அந்த ஊரில் ஆளில்லை.

போர்க்காலம், சைவச் சாப்பாட்டுப் பிடிவாதம், குளிர். 1917-இல் உடம்பு விழுந்தது. மாட்லாக் சானடோரியம் உட்பட மருத்துவமனை மருத்துவமனையாக மாற்றினார்கள். 1918-இன் தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் அவர் விழுந்ததையும், வண்டி சற்று முன்னால் நிறுத்தப்பட்டதால் பிழைத்ததையும் நம் மேடைகளில் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். மேதைக்கு மனச்சோர்வு வரலாமா என்ற கூச்சம். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பட்டமும் வந்தது. புட்னி மருத்துவமனையில் கணித அறிஞர் ஹார்டியிடம் அவர் 1729 என்ற எண்ணைப் பற்றிச் சொன்னதை நாடே மனப்பாடம் செய்திருக்கிறது. அப்போது அந்தப் படுக்கையில் கிடந்த உடம்பை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கினார். அழைக்க வந்தவர்கள் அம்மாவும் தம்பியும். அவள் எங்கே என்பதுதான் அவர் முதலில் கேட்டவற்றுள் ஒன்று என்கிறார்கள். வந்ததும் வராததுமாக இப்படிக் கேட்டது அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். பிறகு கொடுமுடியில் காவிரிக்கரை வாசம். ஆவணி அவிட்டத்துக்கு ஆற்றுக்குப் புறப்பட்டபோது ஜானகியும் வருகிறேன் என்றார். மாமியார் வேண்டாம் என்றார். ராமானுஜன் சத்தம் போடாமல், வரட்டும் என்றார். அவ்வளவுதான் நடந்தது. கல்யாணமாகிப் பத்து ஆண்டு கழித்து ஒரு கணவன் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லின் எடை, எனக்கு அவருடைய சூத்திரங்களின் எடைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பின்பு கும்பகோணம், அங்கிருந்து சென்னை சேத்துப்பட்டு. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில்தான் மாக் தீட்டா சார்புகள் என்ற புதுக் கண்டுபிடிப்பை ராமானுஜன் அறிவித்தார். வலிக்காத நேரமெல்லாம் அவர் தாள் கேட்பார், சிலேட்டு கேட்பார். எடுத்துக் கொடுத்ததும் எழுதியதைச் சேர்த்துத் தோல்பெட்டிக்குள் வைத்ததும் ஜானகி. அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. கணிதம் தெரியாது. ஆனால் தாள் ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது என்பது தெரிந்திருந்தது. ஈமச்சடங்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெட்டிக் காகிதங்களை யாரோ எடுத்துப்போய்விட்டதாகப் பிற்காலத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்டிடம் அவர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். மிஞ்சியவற்றுள் பெரும்பகுதியைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் ஹார்டிக்கு அனுப்பியது. 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' அந்தக் கடைசி ஆண்டின் தாள்கள்தான். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். உலகம் அதைக் கண்டெடுப்பு என்று கொண்டாடியது, நியாயம்தான். என்றாலும் முதலில் பத்திரப்படுத்திய கை எந்தக் கை?

அதற்குப் பிந்திய ஜானகி அம்மாளின் வாழ்க்கையைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. யாரும் விரிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. பம்பாயில் அண்ணன் வீட்டில் சில ஆண்டுகள் இருந்து தையலும் கொஞ்சம் ஆங்கிலமும் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் தையல் மிஷினை நம்பிப் பிழைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இறந்துபோன தோழி ஒருவரின் மகனைத் தன் பிள்ளையாக வளர்த்துப் படிக்க வைத்து ஆளாக்கினார்.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று 1980-களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் கேட்டுவிட்டார். சட்டென்று கேட்ட அந்தக் கேள்வி அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கியின் காதில் விழுந்தது. நூறுக்கும் மேற்பட்ட கணித அறிஞர்களும் அறிவியலாளர்களும் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற மின்னசோட்டாச் சிற்பி, கடவுச்சீட்டுப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து மார்பளவுச் சிலை செய்தார். படிகள் பல வார்க்கப்பட்டன. ஒன்று திருவல்லிக்கேணி வீட்டுக்கே வந்தது. 1987 டிசம்பர் 22 அன்று, நூற்றாண்டு நாளில், தொலைந்த நோட்டுப் புத்தகத்தின் அச்சுப் பிரதியை ராஜீவ் காந்தி அவர் கையில் கொடுத்தார்.

ஜானகி அம்மாள் 1994 ஏப்ரல் 13 அன்று காலமானார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய் என்று எல்லோரும் நம்பியது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாகவே இருந்திருக்க வேண்டும், அன்றைய மருத்துவத்துக்கே அது கட்டுப்பட்டிருக்கும் என்று டி.ஏ.பி. யங் என்பவர் எழுதியதும் அதே 1994-இல்தான். அந்தச் செய்தி ஜானகி அம்மாளின் காதுக்கு எட்டியிருக்க வேண்டாம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 22-ஐ இப்போது தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் அன்று 1729-ஐச் சொல்கிறார்கள், குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்ததைச் சொல்கிறார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்து, ரங்கநாதன் நூலில் ஜானகி அம்மாள் பேசும் அந்தப் பகுதியையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.