புரியோடு புரி

மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நத்தத்துக்காரனுக்குப் பாய்மரத்தைக் கண்டாலும் பார்வை முதலில் உச்சிக்குத்தான் போகும். தொண்டிப் பக்கம், பாக் நீரிணையில், மத்தியான வெயிலில் போய்க்கொண்டிருந்த வத்தைப் படகில் அந்த உச்சியிலிருந்து 'பட்'டென்று ஒரு சத்தம். பாயைத் தூக்கிப் பிடித்திருந்த ஆஞ்சான் கயிறு அறுந்து, பாய் மொத்தமும் எங்கள் தலைமேல் சரிந்தது. வத்தைக்காரர் பதறவில்லை. மரத்தைச் சாய்த்துவிட்டு, அறுந்த நுனிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "முடிச்சுப் போட்டுரலாமேண்ணே?" என்றேன். "முடிச்சு கப்பியில மாட்டிக்கும் தம்பி. பாய் ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது."

அப்புறம் பேச்சில்லை. நுனிகளின் முறுக்கைப் பிரித்து மும்மூன்று புரிகளாக்கினார். எதிரெதிரே கோத்து, ஒரு புரிக்கு மேலே, அடுத்த புரிக்குக் கீழே என்று நுழைத்து இழுத்தார். இடம் விலக்கிக்கொடுக்க ஒரு கூரான குச்சி. ஒவ்வொரு இழுப்புக்கும் உப்பேறிய கயிறு கரகரவென்று முனகியது. கடைசியில் உள்ளங்காலுக்கு அடியில் வைத்து உருட்டினார். விரலை ஓடவிட்டுப் பார்த்தேன். லேசான தடிப்பு, அவ்வளவுதான். முடிச்சு கயிற்றின் பலத்தைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். இந்தப் பின்னலிலோ இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; பலம் பெரிதாகக் குறையாது. மரத்தை நிமிர்த்தி ஆஞ்சானை இழுத்தபோது ஒட்டு கப்பிக்குள் வழுக்கிப் போனது. நல்ல கைவேலைக்கு அதற்கு மேல் சான்று எதற்கு?