வாழைப்பழப் பெட்டியும் மண்ணெண்ணெய் டின்னும்

ஜேன் குடாலின் 'இன் தி ஷேடோ ஆஃப் மேன்' (1971) புத்தகத்தை ரெண்டாவது தடவையா படிச்சு முடிச்சேன். முதல் தடவை படிச்சப்ப கரையான் குச்சியிலேயே மயங்கிக் கிடந்தேன். 1960-ல், இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டில், அவர் டேவிட் கிரேபியர்டு என்று பேர் வைத்த சிம்பன்சி புற்றுக்குள் தண்டை விட்டுக் கரையானை இழுத்துத் தின்கிறது. சில சமயம் குச்சியில் இலையை உருவி எறிந்துவிட்டுத் தோதாக்கியும் கொள்கிறது. கருவி செய்யத் தெரிந்தவன் மனுஷன் மட்டும்தான் என்ற நினைப்பு அதோடு ஆட்டம் கண்டது. யாருக்குத்தான் மயக்கம் வராது?

இந்தத் தடவை கண்ணில் பட்டது வாழைப்பழம்.

முகாமுக்கு வந்த டேவிட் பழத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதுக்கப்புறம் குடாலே பழம் வைக்க ஆரம்பிக்கிறார். கூட்டம் சேருது, பபூன் குரங்குகளோடு சண்டை வருது, கடைசியில் பழத்தைப் பூட்டி வைக்கப் பெட்டிகளே செய்யவேண்டியதாகிறது. புத்தகத்தின் பிரமாதமான காட்சியும் இங்கேதான் நடக்கிறது. யாரும் மதிக்காத மைக், முகாமில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்களைத் தடதடவென்று உருட்டி அடித்துக்கொண்டு ஓடியே, பெரிய ஆளாயிருந்த கோலியாத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. முன்பு சிரித்துக்கொண்டே படிச்சது. இப்போ ஒரு கேள்வி: அந்த டின் காட்டில் விளைஞ்சதா?

குடால் எதையும் மறைக்கவில்லை. பழம் போட்டதால் ஆண்களின் மூர்க்கம் கூடியதை அவரே எழுதுகிறார். ஆனா அதை முகாம் நிர்வாகத் தலைவலி மாதிரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். என் மனத்தாங்கல் அதுதான்.

1974-ல் கசகேலா கூட்டத்து ஆண்கள், தங்களிடமிருந்து பிரிந்து தெற்கே போன கஹாமா கூட்டத்தினரை வேட்டையாட ஆரம்பித்தன. நாலு வருஷத்தில் அந்தக் கூட்டமே இல்லை. 'எல்லாம் வாழைப்பழம் செய்த வேலை' என்ற வாதத்தை மார்கரெட் பவர் 1991-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். 2014-ல் மைக்கேல் வில்சனும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் 18 சிம்பன்சிக் கூட்டங்களின் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். மனிதத் தலையீடு எவ்வளவு என்பதற்கும் கொலைகளுக்கும் பொருத்தம் இல்லை. ஆண்களின் எண்ணிக்கையும் கூட்ட நெருக்கமும்தான் பொருந்தின.

அப்போ குடால் மேல் குற்றமில்லையா? கொலை விஷயத்தில் பெரும்பாலும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனா 1971 புத்தகத்தில் வரும் அன்றாடம், அதாவது யார் யாரோடு திரிந்தது, யார் யாருக்குப் பணிந்தது என்பதில் நிறைய, பழம் போட்ட முற்றத்தில் பார்த்தது. அந்தப் பதில் இதுக்குச் செல்லாது. எண் போடாமல் பேர் வைத்ததற்காக அவரைக் குறை சொன்னவர்கள், இதை இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம்.

வாங்குவதா இருந்தா 'த்ரூ எ விண்டோ'வையும் (1990) சேர்த்து வாங்குங்க. அந்தப் போரையும், மகளோடு சேர்ந்து பிற தாய்களின் குட்டிகளைப் பறித்துத் தின்ற பேஷனையும் அதில் கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார்.