‘மூடுபனி’யின் இரண்டு முகங்கள்

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) திரைப்படம் கதையளவில் பலவீனமானதுதான். தந்தையின் கொடுமையைச் சிறுவயதில் கண்டவன் கொலைகாரனாகிறான் என்ற விளக்கம், மனநோயை மிகச் சுலபமாகத் தீர்த்துவிடுகிறது. ஆனால் அந்தக் கொலைகாரன் சந்துருவாக வரும் பிரதாப் போத்தன் அந்த விளக்கத்தில் சாய்ந்து நடிக்கவில்லை. குரலை உயர்த்தாமல், பாதி விழுங்கிய சொற்களோடு, தாயைத் தேடும் பிள்ளையின் கூச்சத்தைச் சந்துருவுக்குக் கொடுக்கிறார். நமக்குப் பயம் வருவதே அந்த மென்மையால்தான். ஊட்டி வீட்டில் அடைபட்ட ரேகாவாக வரும் ஷோபாவோ, அச்சத்தையும் இரக்கத்தையும் ஒரே பார்வையில் மாறிமாறிக் காட்டுகிறார். வெள்ளவத்தை வீடொன்றின் சின்னத்திரையில் இன்று பார்த்தாலும் அந்த இமையசைவு தப்பாது. இதெல்லாம் ஒளிப்பதிவு செய்த மாயம் என்று சிலர் சொல்லலாம். ஒளிப்பதிவும் பாலு மகேந்திராதான், அழகானதுதான். ஆனால் கமராவை அவ்வளவு கிட்டக் கொண்டுபோக அவர் துணிந்தது இந்த இருவரின் முகங்களை நம்பித்தான்.