முதலும் கருவும் உண்டு, உரி எங்கே? – 'ராவணன்' திரைப்படத்தை முன்வைத்து

தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், விலங்கு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் மனத்துள் நிகழ்வது உரிப்பொருள். மூன்றில் உரியே தலையாயது என்பர் உரையாசிரியர். கண்ணை மயக்கிவிட்டு, வீடு திரும்பும்போது "என்னமோ குறையுதே" என்று எண்ண வைக்கும் படங்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

மணிரத்னம் இயக்கி 2010 ஜூனில் வெளிவந்த 'ராவணன்' அதற்குத் தக்க சான்று. சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷ் சிவன், மணிகண்டன் ஆகியோரின் ஒளிப்பதிவும் ரகுமானின் இசையும் நம்மை அந்தக் காட்டுக்குள்ளேயே கொண்டு போய் விட்டுவிடுகின்றன. கேரளத்து அதிரப்பள்ளி, மராட்டியத்து மால்ஷேஜ் மலை, மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா ஆகியவற்றை ஒட்டி ஒரே காடாக்கியிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று இலக்கணமே இடம் தருகிறது.

குற்றம் உரியில்தான். வீரையாவை ஏழைகள் தெய்வமாக நினைக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். ஆனால் அவர்களுக்காக அவன் என்ன செய்தான்? அந்த மக்களின் நிலத்துக்கும் பிழைப்புக்கும் நேர்ந்த கேடு என்ன? எழுத்து அங்கே நழுவிவிடுகிறது. தங்கை வெண்ணிலாவுக்குக் காவல் நிலையத்தில் நேர்ந்த கொடுமை படம் பாதி கடந்த பிறகே தெரிய வருகிறது. அதுவரை அவன் ஏன் கொதிக்கிறான் என்று புரியாமல், கொதிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ராகினியின் நிலையும் அதுதான். கடத்தப்பட்டவளின் மனம் பதினான்கு நாளில் மெல்ல மாறுவதுதான் கதையின் உயிர். உடைந்த திருமால் சிலை முன் நின்று, தன் கோபம் தணிந்துவிடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொள்ளும் இடம் நல்ல வித்து. ஆனால் அது முளைத்து வளரும் காட்சிகள் போதவில்லை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே மழைதான் பெய்கிறது.

இடைவெளியை நிரப்ப இராமாயணம் வந்து நிற்கிறது. இவர் அனுமன், இவள் சூர்ப்பணகை என்று நாம் பொருத்திப் பார்ப்பதிலேயே பொழுது போகிறது. காப்பியம் கதைக்கு வேராக இருக்கலாம், முட்டுக்கொம்பாகக் கூடாது.

"நடிகர்கள் சரியில்லையோ?" என்று கேட்கலாம். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதைச் சோதிக்க ஒரு வசதி உண்டு. இதே கதையை அதே இயக்குநர் இந்தியிலும் எடுத்தார். அங்கே அபிஷேக் பச்சன் நாயகன், விக்ரம் காவல் அதிகாரி. நடிகர்கள் மாறினார்கள், வசனம் எழுதியவரும் மாறினார். என் பார்வையில் தமிழில் விக்ரமின் நடிப்பு பலபடி மேல். ஆனாலும் ஓட்டை இரண்டிலும் ஒரே இடத்தில்தான். அதனால் குறை நடிப்பிலோ வசன வரிகளிலோ மட்டும் இல்லை, திரைக்கதையின் எலும்பிலேயே இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

படத்தின் மிக வலுவான காட்சி அருவியும் மலையும் இல்லாத ரயில் பெட்டியில் நடக்கிறது. மீட்டு வந்த மனைவியைக் கணவன் சந்தேகித்துப் பேசுகிறான். அவள் இறங்கிப் போய்விடுகிறாள். இரண்டு பேர், ஒரு கேள்வி, அவ்வளவுதான்! அங்கே எழுத்து வேலை செய்கிறது. நம் நெஞ்சு பதறுகிறது.

1979இல் வந்த மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தையும் நினைத்துப் பாருங்கள். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் அந்த ஆற்றங்கரையும் அழகுதான். ஆனால் முடிவில் ஊரார் சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கச் செய்யும்போது, அது வெறும் ஆறாக நமக்குத் தெரிவதில்லை. அவன் செய்த ஒவ்வொரு கொடுமையும் படிப்படியாக எழுதப்பட்டு, அந்தக் கரையில் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் கரையில் நிற்பதைப் பார்த்து நாம் பேச்சற்றுப் போகிறோம்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ்க் கதை என்று கிடைப்பது பெரும்பாலும் திரையில்தான். ஆகவே படம் முடிந்ததும், "காட்சி எப்படி இருந்தது?" என்பதோடு நிறுத்தாமல், "மழையை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லு, பார்க்கலாம்" என்று அவர்களிடம் கேளுங்கள். சொல்ல முடிந்தால் அது நல்ல படம். சொல்லத் தடுமாறினால் குறை பிள்ளையிடம் இல்லை, எழுதியவரிடம்தான்.