லயத்து வீட்டின் உள்வெளி: ஒரு மறுநோக்கு

கோல சிலாங்கூர் வட்டாரத்தோடு தொடர்புடைய வீடொன்று உலக இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் எண்ணெய்ப்பனையை வணிக நோக்கில் பயிரிட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே. அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930இல் கோன்கூர் பரிசு பெற்றது. அதன் ஒரு பகுதி 'பனைகளின் இல்லம்' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. தோட்டத்துரை தம் மனம் விரும்பியவாறு அமைத்துக்கொண்ட இல்லம் அங்கே அவர்தம் உள்ளத்தின் உருவாகவே நிற்கிறது. அதே வட்டாரத்தில், புக்கிட் பெலிம்பிங் முதலிய தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் வீட்டை நாம் எவ்வாறு வாசித்து வந்துள்ளோம் என்பதே ஈண்டு எழும் வினா.

அகிலனின் 'பால்மரக்காட்டினிலே', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' எனத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட நாவல்கள் பல உள. அத்தகைய படைப்புகளை ஆராயும்போது லயத்தை வறுமையின் சான்றாக மட்டுமே காட்டி அமைதல் நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. இருள், நெருக்கம், ஒழுகும் கூரை என்னும் மூன்று சொற்களில் வீடு முடிந்துவிடுகிறது. நாமும் அவ்வாறே எழுதியுள்ளோம். அது பொய்யன்று, எனினும் முழுமையுமன்று.

லயத்து வீட்டில் பொருள் ஒன்று, பயன் பல. சுவரோரப் பெஞ்சு பகலில் இருக்கை, மாலையில் பிள்ளைகளின் எழுதுமேசை, இரவில் படுக்கை. பிஸ்கட் தகரம் பிறப்புப் பத்திரங்களைக் காக்கும் பேழை. மூடியிட்டால் சிறுவர்க்கு முக்காலி. விட்டத்தில் தூளியாகத் தொங்கிய சேலை, குழந்தை வளர்ந்தபின் அறையைப் பகுக்கும் திரையாகும். தூண்கள்மீது நின்ற பழைய லயங்களில் வீட்டின் அடிப்புறம் விறகுக்கும் கோழிக்கும் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இடமளித்தது. அஞ்சடியின் சிமெந்துத் தரையில் கீறிய தாயக் கட்டங்கள் அவ்விடத்தையே ஆடுகளமாக்கின. இவை யாவும் திட்டமிட்ட அமைப்புகளே. திட்டமிட்டவர்கள் தம்மை வடிவமைப்பாளர் என்று அழைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

இதனை ஒப்பீட்டால் தெளிவாக்கலாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கெரிட் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் இல்லத்தின் மேல்தளத்தில் நகரும் தடுப்புகள் உள்ளன. அவற்றை விலக்கினால் ஒரே கூடம். இழுத்தால் தனித்தனி அறைகள். 1934இல் அவரே சரக்குப்பெட்டிப் பலகைகளைக் கொண்டு நாற்காலி செய்தார். அவ்வில்லம் 2000இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. நகரும் தடுப்பும் பெட்டிப் பலகை நாற்காலியும் அங்கே கலை வரலாறாயின. சேலைத் திரையும் பலகைப் பெஞ்சும் இங்கே இல்லாமையின் அடையாளமாக மட்டுமே எஞ்சின.

எனினும் இவ்வொப்பீட்டை எல்லையறிந்து கையாளுதல் வேண்டும். ஷ்ரோடர் அம்மையார் அவ்வமைப்பைத் தாமே விரும்பித் தேர்ந்தார். லயத்திலோ சேலைத் திரைக்கு அப்பால் புதுமணத் தம்பதியர், இப்பால் பெற்றோரும் தங்கையரும். அங்கே தேர்வு என்பதற்கே இடமில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்த அளவுத் தரங்களை வரையறுத்து 1966இலும் பின்னர் 1990இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தமை நிலைமையின் கடுமையை உணர்த்தும். ஆகவே மக்களின் புனைதிறனைப் போற்றுதல், இடம் தர மறுத்தவர்க்குச் சான்றிதழ் வழங்குவதாகிவிடக் கூடாது.

ஆயினும், வறுமையை மட்டும் வாசித்தால் நம் முன்னோர் துன்பத்தைத் தாங்கியவர்களாக மட்டுமே எஞ்சுவர். எண்ணியவர்களாக, ஆக்கியவர்களாக வரலாற்றில் இடம்பெறார். நெருக்கடியையும் அதற்கு அவர்கள் கண்ட விடையையும் ஒருசேர வாசிப்பதே நேர்மையான திறனாய்வாகும் என்பது நம் துணிபு.

பல தோட்டங்களில் லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அஞ்சடி, வீட்டடி போன்ற சொற்களும் வழக்கிழந்து வருகின்றன. தோட்ட நாவலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், மாணவர்தம் பாட்டியரிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டறிந்து, ஒவ்வொரு பொருளும் இருந்த இடத்தைக் குறித்து வரைபடமொன்று வரையச் செய்யலாம். நாவலின் பக்கங்களுக்கு அதனினும் சிறந்த உரை வேறில்லை. அவ்வுரையைச் சொல்லவல்லார் நம்மிடையே இருக்கும்போதே அப்பணியைத் தொடங்குதல் நன்று.