சித்திரத் தொடரும் சிறுவர் ஓவியமும்

ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் தயாரித்து, 2008 முதல் ஒளிபரப்பாகும் ‘சோட்டா பீம்’ அசைவூட்டத் தொடரின் நாயகனைச் சிறுவர் தம் கொப்பிகளில் வரைவதை வெறும் போலச்செய்தல் என ஒதுக்குதல் பொருந்தாது. தொலைக்காட்சி அவர்களை நுகர்வோராக்குகிறது. வரையும் கை உற்பத்தியாளராக்குகிறது. எனினும், மூலத்தை ஒத்திருத்தலே அளவுகோலாயின் சந்தையின் அச்சே மறுபடி பதிகிறது.

தர்மபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அயலிலுள்ள கல்மடுக்குளத்தின் கட்டு 2009 ஜனவரியில், போரின்போது தகர்க்கப்பட்டது. லட்டு உண்டு எவரையும் வெல்லும் பீமனை டோலக்பூரிலிருந்து அக்குளக்கட்டுக்குக் கொண்டுவரும் ஓவியத்தில், தனியொருவன் பலம் போதுமா என்ற வினா எழாதிருக்க முடியாது. உடைந்த கட்டை எழுப்புவது கூட்டுழைப்பே. பீமனருகே மண் சுமப்போரையும் வரையும் கணத்தில் பிரதி படைப்பாகிறது.

ஆகவே, திறனாய்வாளர் கேட்கவேண்டியது ‘மூலத்தை ஒத்திருக்கிறதா?’ என்பதன்று, ‘எதனை மாற்றியிருக்கிறது?’ என்பதே.